ஆடுபுலி ஆட்டத்தின் நகர்வு விதிகள்: ‘நேர்கோடு’ என்பதன் பொருள் வரையறை

ஆய்வுச்சுருக்கம்

ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டை வெட்டும் விதி ‘நேர்கோட்டில் தாண்ட வேண்டும்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. அச்சொல்லை எவ்வாறு பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஆட்டத்தின் வலிமைச் சமநிலையே மாறுகிறது என்பதை இக்கட்டுரை கட்டத்தின் அமைப்பைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆடுபுலி ஆட்டம், நாட்டார் விளையாட்டு, நகர்வு, வெட்டு, களப்பதிவு

முன்னுரை

தேனி மாவட்டத்துச் சுருளிப்பட்டி, மேகமலைக் காடு ஒருபுறமும் திராட்சைத் தோட்டங்கள் மறுபுறமுமாக அமைந்த ஊர். அம்மலைப்பகுதி 2021ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாக உள்ளது. மேய்ச்சலும் புலிக்காடும் அருகருகே இருக்கும் இத்தகைய நிலத்தில் ஆடும் புலியும் வெறும் காய்களின் பெயர்கள் அல்ல. இங்கு நாட்டார் விளையாட்டுகளைப் பதிவு செய்வோர் கட்டத்தை வரைந்து, காய்களை எண்ணி எழுதிவிடுகின்றனர். நகர்வு விதியோ பெரும்பாலும் ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது. ஆட்டத்தில் சச்சரவு எழுவது அந்த ஒரு தொடரில்தான்.

கட்டமும் காய்களும்

பரவலாக வழங்கும் கட்டத்தில் உச்சி ஒன்று. அதிலிருந்து நான்கு சாய்கோடுகள் இறங்கி அடிக்கோட்டை அடையும். இடையில் மூன்று கிடைக்கோடுகள் அவற்றைக் குறுக்கிட்டு இருபுறமும் வெளியே நீளும். நீண்ட முனைகளைப் பக்கத்திற்கு ஒன்றாக இரு கோடுகள் இணைக்கும். உச்சி 1, கிடைக்கோடுகளில் 18, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 சந்திகள். புலி 3, ஆடு 15. புளியங்கொட்டையும் கல்லும் காய்களாகப் போதும்.

ஆடுகள் ஒவ்வொன்றாக இறக்கப்படும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகராது. புலி அதற்கு முன்பே நகரலாம், வெட்டலாம். ஓர் ஆடும் வெட்டுப்படாமல் இறங்கி முடிந்தால் எஞ்சும் வெற்றுச் சந்திகள் ஐந்தே.

நேர்கோடு

எச்.ஜி. வெல்சு 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்சு’ என்னும் பொம்மைப் படை ஆட்ட நூலில் காலாட்படைக்கு ஒரு முறைக்கு ஓரடி, குதிரைப்படைக்கு இரண்டடி என நகர்வு வரையறுக்கப்பட்டது. அங்கே அளவுகோல் தேவை. ஆடுபுலியில் கோடே அளவுகோல். ஆனால் கரிக்கட்டியால் தரையில் இழுத்த கோடு கண்ணுக்கு நேராக இராது. ஆகவே ‘நேர்கோடு’ என்பதை வடிவியல் நேர்மையாகக் கொள்ளாமல், ‘புலி நிற்கும் சந்தி, ஆடு நிற்கும் சந்தி, புலி இறங்கும் சந்தி ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து அமைதல்’ எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இவ்வரையறையின்படி கட்டத்தைக் கணக்கிட்டால் 28 வெட்டுத்தடங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் தாண்டலாம். சாய்கோடும் கிடைக்கோடும் குறுக்கிடும் 12 சந்திகளில் நிற்கும் ஆட்டை இரு தடங்களில் வெட்டலாம். பக்கக் கோடுகளின் நடுச்சந்தி இரண்டிலும் அடிக்கோட்டின் உட்சந்தி இரண்டிலும் ஒரு தடம் மட்டுமே உண்டு. உச்சி, வெளிமூலைகள் நான்கு, அடிக்கோட்டின் முனைகள் இரண்டு ஆகிய ஏழு சந்திகளிலும் ஆட்டை வெட்டவே இயலாது. நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 25 சந்திகளுக்கு நான்கு மூலைகளே இவ்வாறு காப்பான இடங்கள். அங்கே 4 புலிகளை 20 ஆடுகள் எதிர்கொள்கின்றன.

கோடு மாறித் தாண்டலாம் என ஒருவர் கொண்டால் நிலைமை தலைகீழாகும். உச்சியில் நான்கு கோடுகள் கூடுவதால் அங்குள்ள ஆட்டை ஒரு சாய்கோட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டி வெட்ட ஆறு புதிய தடங்கள் தோன்றும். மூலைகளும் காப்பை இழக்கும். இறங்கும் நிலையில் நகர முடியாத ஆட்டுக்குத் தனக்கெனப் புகலிடம் எதுவும் இராது. பின்னால் மற்றோர் ஆடு நின்று காத்தால்தான் உண்டு. எனவே ஒரே கோட்டு வரையறையே ஆட்டத்தின் இயல்புக்கு உகந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

விடுபடும் விதிகள்

புலி ஒரே முறையில் தொடர்ந்து பல ஆடுகளை வெட்டலாமா என்பதில் வழக்குகள் வேறுபடுகின்றன. ஆட்டுக்காரர் தம் முறையை விட்டுக்கொடுக்கலாமா என்பது அதனினும் முக்கியமான வினா. ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. விட்டுக்கொடுக்கலாம் எனில், காப்பான சந்திகளில் ஆடுகள் அசையாமல் நின்றுவிடும். புலிகளை அடைக்கும் நோக்கமே மங்கிவிடும். நகர்ந்தே ஆகவேண்டும் எனில், ஐந்து வெற்றிடங்களுக்குள் ஏதேனும் ஓர் ஆடு காப்பை விட்டு வெளியேற நேரலாம். புலியின் வலிமை அத்தருணத்தில்தான் வெளிப்படுகிறது.

பெரியவர்களிடம் ‘விதி என்ன?’ என்று கேட்டால், ‘தாண்டினால் வெட்டு’ என்ற அளவில் விடை நின்றுவிடும். கட்டத்தை வரைந்து, உச்சியில் ஓர் ஆட்டையும் அதன்கீழ் ஒரு சாய்கோட்டில் ஒரு புலியையும் வைத்து, அடுத்த சாய்கோட்டை வெற்றாக விட்டு, ‘இதை வெட்டலாமா?’ என்று கேட்பதே தக்க முறை. பின்னர் ஒரே கோட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு ஆடுகளை வைத்துத் தொடர்வெட்டைக் கேட்கலாம். கிடைக்கும் விடையோடு, அந்த ஊரில் வரையப்பட்ட கட்டத்தின் கோடுகளையும் எண்ணிக் குறித்தல் வேண்டும்; ஒரு கோடு குறைந்தாலும் காப்பான சந்திகளின் எண்ணிக்கை மாறிவிடக்கூடும்.