வளன் என்னும் பெயர்

திருவானைக்காவல் என்னும் ஊர்ப்பெயரில் 'காவல்' என்னும் சொல் தொடக்கத்தில் இல்லை. தேவாரத்தில் அவ்வூர் ஆனைக்கா. 'கா' என்றால் சோலை. அப்பொருள் வழக்கில் மங்கவே, மக்கள் நாவில் காவலாயிற்று. கொள்ளிடத்தையொட்டிக் கிழக்கே சென்றால் ஏலாக்குறிச்சி. அதற்கு வீரமாமுனிவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்கே காவல் உண்மையாகவே காவல்தான்; அடைக்கல அன்னையின் அரவணைப்பைக் குறிக்க அவர் ஆய்ந்தெடுத்த சொல்.

1680இல் இத்தாலியில் பிறந்த அம்முனிவர், 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாகச் சதுரகராதி தொகுத்தவர். சொல்லின் பொருளறியாமல் அவர் எதனையும் கையாண்டதில்லை. தம் காவியத்துக்கு அவர் இட்ட தேம்பாவணி என்னும் பெயரே இருபொருள் தருவது. தேம்பா அணி எனின் வாடாத மாலை. தேன் பா அணி எனின் தேனனைய பாக்களால் ஆன அணி.

அக்காவியத் தலைவர் புனித சூசையப்பர். ஆனால் முனிவர் அவருக்குச் சூட்டிய பெயர் வளன். சூசை என்பது போர்த்துக்கீசிய ஒலியின் வழி நமக்கு வந்தது. இனிய பெயரே, எனினும் தமிழில் அதற்குப் பொருளில்லை. எபிரேய மூலத்திலோ யோசேப்பு என்றால் பெருகச் செய்தல் என்னும் கருத்துண்டு. இராகேல் தன் மகனுக்கு அப்பெயரிட்ட காரணத்தைத் தொடக்க நூல் 30ஆம் அதிகாரத்தில் காணலாம். பெருக்கத்துக்கு நேரான தமிழ் வளம். நலம் நலன் ஆவதுபோல வளம் வளன் ஆகும். இதனை இலக்கணத்தார் போலி என்பர். அவ்வாறு ஆகும்போது அது கண்ணன், முருகன் போல ஆண்பாற் பெயராகவும் ஒலித்துவிடுகிறது! ஓர் எழுத்து மாற்றத்தில் பொருளும் பெயரும் ஒருங்கே அமைந்தன. நாசரேத்து ஏழைத் தச்சருக்கு வளம் என்று பெயர் என்பதை எண்ண எண்ண நெஞ்சம் இனிக்கிறது.

திருமுழுக்கு யோவான் அவருக்குக் கருணையன். 'ஆண்டவர் இரங்கினார்' என்பது அப்பெயரின் மூலப்பொருள்.

திருச்சியில் தூய வளனார் கல்லூரி என்று நாள்தோறும் சொல்கிறோம். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883இல் இங்கு வந்த கல்லூரி அது. ஆயினும் வளன் என்று பெயர் தாங்கிய பிள்ளைகள் சிலர், மார்ச்சு 19 தங்கள் பாதுகாவலரின் திருநாள் என்பதை அறியாதிருக்கின்றனர். யோசேப்பும் சூசையும் வளனும் ஒருவரே என்று வீட்டில் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஞானஸ்நானத்தன்று பெயரைப் பதிவேட்டில் எழுதக் கொடுக்கும் பெற்றோர், அதன் பொருளையும் வீட்டு விவிலியத்தின் முதல் ஏட்டில் எழுதி வைக்கலாமே.