வழிநடைப் பாட்டு

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் மார்க்கத்தில் உள்ள மண்டகப்பட்டிலே, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமுமின்றி அயன், அரன், அரி மூவருக்கும் ஆலயம் சமைத்ததாக மகேந்திரவர்மன் ஸம்ஸ்கிருதத்தில் பொறித்துவைத்த குகையின் நிழலில் அமர்ந்திருந்தபோது, என் நினைவு கிறிஸ்தவர்களின் யாத்திரைப் பாட்டுகளின்மேல் சென்றது. அதற்குக் காரணம் உண்டு. திருநாவுக்கரசரைத் துன்புறுத்திப் பின் அவர் பக்திக்கே வசப்பட்ட பல்லவன் இம்மகேந்திரனே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் கொள்கை. திருவதிகையில் தொடங்கித் தலந்தோறும் நடந்து அந்த அப்பர் பாடிய தேவாரத்தின் நடையை, 1,200 ஆண்டுகளுக்குப் பின், இயேசுவின் அடிச்சுவட்டில் செல்லும் ஆத்மாவின் வாயில் வைத்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை.

1827-ல் திருநெல்வேலிச் சீமையில் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற அவர், ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தை அளித்தபோது, இடையே வரும் துதிகளுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார்.

அவருக்கு முன்பே பாட்டுகள் இருந்தன. தரங்கம்பாடி வழிவந்த பாப்ரீஷியஸ் (1711–1791) முதலியோர் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். மரண வீட்டில் இன்றும் அவை கண்ணீரைத் துடைக்கின்றன; ஆயினும் மெட்டு அயலது ஆகையால், குறில் நிற்கவேண்டிய இடத்தில் இசை நீள்கிறது, நெடில் வருமிடத்தில் தாளம் விரைகிறது. இக்குறையைக் கீர்த்தனைகளால் தீர்த்தவர், மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் நட்புக்கும் உரியவராயிருந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). கீர்த்தனையின் அமைப்பே ஆண்டவரைப் பின்செல்லுதலுக்கு உகந்தது: ஒருவர் சரணத்தை எடுத்துப் பாடி இன்பதுன்பங்களின் ஊடே நடக்கிறார், சபையோ பல்லவியைப் பாடி, நடந்தவரை ஆண்டவரிடமே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. சரணம் என்ற சொல்லுக்குப் பாதம் என்பதும் பொருள் அல்லவா!

இப்போது பல ஆலயங்களில் நேரத்தை உத்தேசித்து இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இளமையும் உழைப்பும் முன்சரணங்களில் வந்துபோக, முதுமையையும் மரணத்தையும் அக்கரையையும் கவிகள் பெரும்பாலும் கடைசிச் சரணத்துக்கே வைத்திருப்பார்கள். கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் அன்பர்களே, வருகிற ஞாயிறன்று ஒரு பாட்டையாவது கடைசிச் சரணம்வரை பாடுங்கள்.