பழுப்பு ஓடு என்றாலே நாட்டு முட்டையா? நிறத்தில் சேவலுக்கும் பங்கு உண்டு!

மளிகைக் கடையில் வெள்ளை முட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டு பழுப்பு முட்டை. ‘நாட்டு முட்டைங்க’ என்கிறார் கடைக்காரர். விலையும் கூடுதல். நாமும் நிறத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம். ஆனால் ஓட்டின் நிறம் காட்டுவது கோழியின் இனவழியைத்தான். அது தோட்டத்தில் மேய்ந்ததா, கூண்டில் நின்றதா என்பதெல்லாம் ஓட்டில் தெரியாது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கலப்பினங்களும் இருக்கின்றன. சத்தும் நிறத்தைப் பொறுத்தது இல்லை, தீவனத்தைப் பொறுத்தது.

நிறம் எங்கிருந்து வருது?

ஓடு உருவாக சுமார் 20 மணி நேரம் ஆகும். பழுப்பு இனங்களில், கடைசி சில மணி நேரத்தில்தான் புரோட்டோபார்பிரின் என்ற நிறமி ஓட்டின் மேல் படிகிறது. அதனால் உடைத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். (அதை வைத்து ‘சாயம் பூசிட்டாங்க’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்!)

நீல முட்டையும் உண்டு. சிலி நாட்டின் அராக்கானா கோழி இடுவது அதைத்தான். பிலிவெர்டின் என்ற நிறமி ஓடு முழுக்க ஊறியிருப்பதால் உள்ளேயும் நீலம். என்றோ ஒரு வைரஸின் மரபணுத் துண்டு கோழியின் மரபணுவில் செருகிக்கொண்டதால் வந்த நிறம் இது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள்.

இந்த நீலம் தாய், தந்தை இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். சுத்தமான நீல முட்டை இனச் சேவலை, அடர் பழுப்பு முட்டையிடும் மாரன்ஸ் பெட்டையோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் ஆலிவ் பச்சை முட்டை இடும். நீல ஓடு, மேலே பழுப்புப் பூச்சு, அவ்வளவுதான். சேவலை மாற்றியதும் தாய்க்கோழியின் முட்டை நிறம் மாறாது. மகள்கள் இடும்போதுதான் தெரியும்.

முட்டை எண்ணிக்கை?

இங்கேதான் சிக்கல். நிறத்தை ஒரே தலைமுறையில் மாற்றிவிடலாம். முட்டையிடும் திறனில் பல மரபணுக்களுக்குப் பங்கு இருக்கு. நம்மூர் நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு சுமார் 60 முதல் 80 முட்டை இடும். கொஞ்சம் இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், பிறகு குஞ்சுகளோடு சுற்றும். அந்த நாட்களில் முட்டை கிடையாது. பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் 300-ஐத் தொடுவதற்கு ஒரு காரணம், அடைகாக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டியது.

ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கிய கிராமப்பிரியா நடுவழி. ஆண்டுக்கு 160 முதல் 180 முட்டை, அதுவும் பழுப்பு. விற்பதற்கும் வசதி!

ஆனால் இதுவும் அடைக்கு உட்காராது. இதன் முட்டைகளையே பொரிக்க வைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் கலைந்துவிடும். ஒன்று நிறைய இடும், இன்னொன்று ஏமாற்றும். அதனால் ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டும்.

வீட்டிலேயே கலப்புச் செய்து பார்க்க நினைப்பவர்கள், பழைய நாட்டுப் பெட்டை ஒன்றிரண்டை விற்காமல் வைத்துக்கொள்வது நல்லது. 10, 12 முட்டையை அதன் அடியில் வைத்தால் 21 நாளில் குஞ்சு. இன்குபேட்டரும் வேண்டாம், கரண்ட் பில்லும் இல்லை.