தூக்கிப் பார்ப்பதற்கு முன்

வீட்டுக் குழாய்க் கிணற்றில் மோட்டார் நின்றுவிட்டதென்றால், அதைக் கவனிக்க வருகிறவர்களில் பலர் ஸ்விட்சை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "தூக்கிப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்று சொல்லிவிடுவது வழக்கம். அதற்கு உடனே சம்மதித்துவிடுகிற வீட்டுக்காரர், முந்நூறு அடி ஆழத்தில் கிடக்கும் யந்திரத்தை ஏற்றுவதற்கும் மறுபடி இறக்குவதற்கும் ஆகிற கூலி முழுவதையும் கொடுத்து முடித்த பிறகு, பழுது கீழே இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் ஒரு கெப்பாசிட்டரில்தான் இருந்தது என்று அறிய நேரிடுவதும் உண்டு. ஊரில் பேர்பெற்ற மெக்கானிக் யார், குறைந்த கூலிக்கு வருகிறவர் யார் என்று விசாரிப்பதைக் காட்டிலும், மோட்டாரைத் தூக்குவதற்கு முன் வந்தவர் என்ன செய்கிறார் என்பதைக் கூடவே நின்று கவனிப்பதுதான் நல்ல தொழிலாளியை இனங்காணும் வழி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மோட்டார் ஏன் அவ்வளவு ஆழத்துக்குப் போய்க் கிடக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். கரையில் உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொன்னாலும், வாஸ்தவத்தில் அது செய்வதெல்லாம் தன் வாயருகே அழுத்தத்தைக் குறைப்பதுதான். கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வாயுமண்டலத்தின் பாரமே தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. அந்தப் பாரத்துக்குக் கடல் மட்டத்தில் சுமார் 34 அடி உயரத்துக்கு மேல் தண்ணீரைத் தாங்கச் சக்தி கிடையாது. நடைமுறையில் 25 அடி எட்டினாலே அதிகம். நிலத்தடி நீர் அந்த எல்லையைத் தாண்டி இறங்கிய ஊர்களிலெல்லாம், தண்ணீரை இழுக்கும் பம்பைக் கைவிட்டு, அடியிலிருந்து தள்ளும் பம்பை நாடவேண்டியதாயிற்று. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து, கோயம்புத்தூர் பிற்காலத்தில் பம்புத் தொழிலின் தலைநகராவதற்கு வழி திறந்த ஜி. டி. நாயுடு பிறந்த அதே 1893-ஆம் ஆண்டில், டிஃப்லிஸ் நகரில் பிறந்த ஆர்மைஸ் அருத்துனோஃப் என்னும் ஆர்மீனியர்தான், நீரில் மூழ்கியபடியே ஓடும் மோட்டாரை உருவாக்கி, அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளில் இறக்கிக் காட்டினார். இன்று நம் வீட்டுக் கொல்லையில் ஆறரை அங்குலத் துளைக்குள் ஒளிந்திருக்கும் சப்மெர்சிபிள் அந்தப் பரம்பரையில் வந்தது.

அது ஒளிந்திருப்பதுதான் சிரமத்துக்கெல்லாம் காரணம். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த யந்திரம், தன் நிலைமையை மேலே வருகிற மூன்று ஒயர்களின் மூலம் ஓரளவு தெளிவாகவே தெரிவித்துவிடுகிறது. தொழில் தெரிந்தவர் முதலில் வோல்டேஜைப் பார்ப்பார். ஒரு ஃபேஸ் இணைப்பில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் வெகுவாகக் குறைந்து வந்தால், மோட்டார் அதிகக் கரண்டை இழுத்து, ஓவர்லோடு தட்டிவிடும். அது மோட்டாரின் குற்றமே அன்று. மோட்டார் 'உம்'மென்று முனகிவிட்டு ஓடாமல் நிற்குமானால், கெப்பாசிட்டரைக் கழற்றிச் சோதிப்பார். ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால், டாங் டெஸ்டரின் வாய்க்குள் ஒரு ஒயரை மாட்டி ஆம்பியர் எவ்வளவு என்று பார்ப்பார். தகட்டில் பொறித்த அளவைவிட அது வெகுவாகக் குறைந்திருந்தால் மோட்டாருக்குச் சுமை இல்லை, அதாவது நீர்மட்டம் இறங்கிப்போயிருக்கலாம், அல்லது பம்பையும் மோட்டாரையும் சேர்க்கும் கப்ளிங் அறுந்திருக்கலாம். மிகுந்திருந்தால் மணல் புகுந்து இறுகியிருக்கலாம், காயில் கெட்டிருக்கலாம். அளவு சரியாகவே இருந்து, கேசிங் குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்கும்போது உள்ளே தண்ணீர் சலசலவென்று கொட்டுகிற சத்தம் வந்தால், நடுவழியில் ஏதோ ஒரு பைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மூன்று ஃபேஸ் மோட்டாரில் தண்ணீர் பாதியாகக் குறைந்து வருவதற்கு, அது எதிர்த்திசையில் சுற்றுவதே காரணமாக இருப்பதுண்டு. இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் தீர்ந்துபோகும். கடைசியாக மெயினை அணைத்து, ஒயர்களைப் பிரித்து, மெக்கரை வைத்துக் காயிலுக்கும் பூமிக்கும் இடையே உள்ள காப்பைச் சோதிப்பார்; ஒரு மெகா ஓமுக்கும் கீழே முள் இறங்கிவிட்டால், அதற்குமேல் விவாதம் இல்லை, தூக்கத்தான் வேண்டும்.

இந்தப் பரீட்சைகளையெல்லாம் செய்து முடிக்க அரைமணி நேரம் போதும். இவற்றைச் செய்யாமலே கயிற்றை அவிழ்க்கிறவரிடம், "டாங் டெஸ்டர் வெச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்று மரியாதையாகக் கேட்பதில் பிசகு ஒன்றுமில்லை, நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குச் சந்தோஷமே படுவார். வாரண்டிக் காலம் முடியாத மோட்டாராயின், வெளியாள் பிரித்துவிட்டால் கம்பெனி பொறுப்பேற்க மறுக்கக்கூடுமாகையால், ரசீதோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே முதலில் சொல்லியனுப்புவது விவேகம்.

தூக்குகிற வேலை வேறு. அதற்குச் சாமர்த்தியத்தோடு ஆள்பலமும் வேண்டும். இரும்புப் பைப்பாக இருந்தால், முக்காலி நிறுத்தி, செயின் பிளாக்கை மாட்டி, இருபதடிக்கு ஒரு தடவை கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பைப்பாகக் கழற்றவேண்டும். கருப்புக் குழாயாயின் நாலைந்து பேர் கையாலேயே இழுத்துவிடுவார்கள். கிளாம்ப் நழுவி, கூடவே இருக்கும் நைலான் கயிறும் இற்றுப்போயிருந்தால், மோட்டார் அடியாழத்துக்குப் போய்விடும். அதை மீட்பது பல சமயங்களில் அசாத்தியமாகி, போரையே கைவிட நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

காயில் கருகிப்போயிருந்தால் வைண்டிங் கடைக்கு எடுத்துப்போவார்கள். பழைய காயிலை அறுப்பதற்கு முன்பு சுற்று எத்தனை, கம்பியின் கேஜ் என்ன என்று எண்ணி நோட்டில் குறித்துக்கொள்ளுகிற கடையே நம்பத்தகுந்தது. செம்பு இருந்த இடத்தில் அலுமினியம் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதும், கழற்றிய செம்புக்கு உரிய விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுவதும் உரிமையாளருடைய கடமை. கருகியதற்குக் காரணம் என்னவென்றும் அங்கேயே கேட்டுவிடவேண்டும். தண்ணீர் வற்றிய போரில் ஓடியதுதான் காரணமென்றால், நீரையே மசகாகக் கொண்ட புஷ்களும் தேய்ந்திருக்கும். அவற்றையும் மாற்றி, ட்ரை ரன் காப்பு உள்ள பேனலையும் வைக்காதவரை, புதுக் காயிலும் வெகுநாள் தாங்காது.

இறக்குகிற அன்று நான் ஆவலோடு கவனிப்பது கேபிள் ஜாயிண்டைத்தான். மூன்று கம்பிகளின் முடிச்சுகளும் ஒரே இடத்தில் வராதபடி ஏற்றமும் இறக்கமுமாக வெட்டி, முறுக்கி, ரப்பர் டேப்பை இழுத்திழுத்துச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப்பையும் சுற்றி, பிறகு அந்த ஜாயிண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கியபடியே மெக்கர் வைத்துப் பார்க்கிறவரைக் கண்டால், அவர் கேட்கிற கூலியில் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை. நீர் நிரப்பும் வகை மோட்டாராயின், அடைப்பானைத் திருகி எடுத்துச் சுத்தமான தண்ணீரை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை அவர் காத்திருக்கவும் வேண்டும்.

மோட்டார் வைண்டிங் கடையில் இருக்கும் நாட்களில் போரின் வாயை ஒரு கணமும் திறந்து வைக்கலாகாது. 2019-இல் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைக் குழாய்க் கிணறு விழுங்கியதை இந்த நாடு முழுவதும் பார்த்துப் பதறியது. சாக்கைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டுப் போகிறேன் என்கிற மெக்கானிக்கை, போல்ட்டு முடுக்கிய இரும்பு மூடி போடாமல் வாசலைத் தாண்ட விடக்கூடாது.

வேலை முடிந்ததும் போரின் ஆழம், மோட்டார் நிற்கும் ஆழம், குதிரைத்திறன், ஸ்டேஜ் எத்தனை, பைப்பு எந்த வகை, கேபிளின் அளவு, தேதி ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிப் பேனல் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவைத்துவிடவேண்டும். அன்றைக்கு ஓடிய ஆம்பியரையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளவேண்டும்; அடுத்த தடவை வருகிறவர் தம் கையிலுள்ள மீட்டர் காட்டுகிற எண்ணை அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.