ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய்



2013 நவம்பர் 16. மும்பை வான்கடே மைதானத்தில் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை முடித்த சச்சின் டெண்டுல்கர், கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நன்றி சொன்னார். பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேகரைப் பற்றிப் பேசும்போது, இந்த 29 ஆண்டுகளில் 'நன்றாக ஆடினாய்' என்று சார் ஒரு முறைகூடச் சொன்னதில்லை என்றார். சொன்னால் பையன் மெத்தனமாகிவிடுவான் என்ற கவலை. இனி ஆட்டமே இல்லை, இப்போதாவது சொல்லலாம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஆச்ரேகர் ஆடியது ஒரே ஒரு முதல்தர ஆட்டம். தாதர் சிவாஜி பூங்காவில் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே பேர் பெற்றவர். சச்சின் அவரிடம் வந்தபோது வயது 11. மாலையில் பையன் களைத்துப்போகும் நேரம் பார்த்து, ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். அவுட் ஆக்குகிறவருக்கு அந்த ரூபாய். யாராலும் முடியாவிட்டால் அது சச்சினுக்கு. அப்படிக் கிடைத்த 13 நாணயங்களைச் சச்சின் பொக்கிஷமாக வைத்திருந்தார்.

நாணயக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஆச்ரேகரின் ஸ்கூட்டர். ஒரு மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும், பையனைப் பின்னால் உட்காரவைத்து அடுத்த மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். பெற்ற பிள்ளையா? இல்லை. ஆனாலும் தம் நேரத்தைக் கொடுத்தார். (பாராட்டாமல் இருப்பதைப் பெற்றோர் உடனே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்டியவருக்குத்தான் அந்த மௌனம் பொருந்தும்.)

திருத்தூதர் பணிகள் நூலில் பர்னபாவைப் பாருங்கள். சவுலைக் கண்டு சீடர்கள் அஞ்சி ஒதுங்கியபோது, அவரைத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்றவர் இவர்தான். பிறகு தர்சு நகருக்கே போய்த் தேடிப்பிடித்து அந்தியோக்கியாவுக்குக் கூட்டிவந்தார். முதலில் 'பர்னபாவும் சவுலும்' என்று வரும் பெயர்கள், சில பக்கங்களில் 'பவுலும் பர்னபாவும்' என்று மாறிவிடுகின்றன. பர்னபா முணுமுணுத்ததாக ஒரு வரிகூட இல்லை. பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவைப் பவுல் ஒதுக்கியபோதும், அவரோடு கடுமையாக வாதாடிவிட்டு மாற்குவைத் தம்மோடு அழைத்துப் போனார். பிற்பாடு திமொத்தேயுவுக்கு எழுதும் மடலில், மாற்குவைக் கூட்டிவா, அவர் எனக்குப் பயன்படுவார் என்று கேட்பது அதே பவுல்!

இந்தப் பணியைத் திருச்சபை நம் கையிலும் கொடுத்திருக்கிறது. திருமுழுக்கில் ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று நிற்கிறோமே, அது வேறென்ன? 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் பெற்று, விசுவாசத்துக்கேற்ப வாழ்கிறவராக இருக்க வேண்டும். பிள்ளையின் தாய் தந்தையாக இருக்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அப்பா அம்மாவிடம் பேச முடியாத நாளில் பேசுவதற்கு இன்னொருவர் வேண்டுமல்லவா? நாமோ யார் சங்கிலி போடுவார், எந்தச் சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். போட்டோ எடுத்து, பிரியாணி சாப்பிட்டதோடு உறவு முடிந்துவிடுகிறது.

திருமுழுக்குப் பதிவேட்டில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது எந்த வகுப்பு? பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறானா? இந்த வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம்.