சோறும் வெல்லமும் தின்ற மாட்டின் பாலில் கொழுப்புச் சத்து குறைவது ஏன்?

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வயிறாரத் தின்ற மாடு மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவதைக் கிராமங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் இப்படிப்பட்ட மாடுகள் அதிகம் வருவதுண்டு. மற்ற நாட்களில் வேறொரு குறை எழுகிறது. பால் அளவு குறையவில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்புச் சத்து குறைவாகக் காட்டுகிறது, விலையும் குறைகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு போலத் தோன்றினாலும், பல வீடுகளில் காரணம் ஒன்றே. சீக்கிரம் புளிக்கக்கூடிய சர்க்கரையும் மாவுச் சத்தும் மாட்டின் வயிற்றுக்குள் அளவுக்கு மீறிச் செல்வதே அது.

பெருவயிற்றின் வேலை

மனிதன் உண்ணும் சர்க்கரை குடலில் உறிஞ்சப்பட்டு நேரே இரத்தத்தில் கலக்கிறது. அசைபோடும் கால்நடைகளில் அப்படியில்லை. மாடு தின்பது முதலில் பெருவயிற்றுக்குப் போகிறது. வளர்ந்த மாட்டில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கவைத்து, அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய அமிலங்களாக மாற்றுகின்றன. இவையே மாட்டுக்கு முக்கிய எரிபொருள்.

வைக்கோல், தட்டை, புல் போன்ற நார்த்தீவனத்திலிருந்து அசிட்டிக் அமிலம் மிகுதியாகக் கிடைக்கிறது. மாடு நன்றாக அசைபோட்டால், ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள சோடா உப்பு பெருவயிற்றின் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. சோற்றுக்கும் கஞ்சிக்கும் மென்று அசைபோட வேண்டிய தேவையில்லை. ஆகவே உமிழ்நீர் குறைகிறது. புளிப்போ விரைவாக ஏறுகிறது. வேகவைத்த அரிசி, பச்சை அரிசியைவிடச் சீக்கிரம் புளிக்கும்.

கொழுப்பு எங்கே குறைகிறது?

பாலிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ பாதியை மடியே தயாரிக்கிறது. அதற்கு மூலப்பொருள் அசிட்டிக் அமிலம். மறுபாதி இரத்தத்திலுள்ள கொழுப்பிலிருந்து வருகிறது. பீட் கிழங்கு தின்ற பசுக்களின் பாலில் கொழுப்பு குறைவதை 1845ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி பூசிங்கோ எடுத்துக்காட்டினார். நார்த்தீவனம் குறைந்து அசிட்டிக் அமிலம் பற்றாமல் போவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது மட்டும் காரணமன்று என்பது பின்னர் தெளிவாயிற்று.

பெருவயிற்றில் புளிப்பு ஏறும்போது, தீவனத்திலுள்ள எண்ணெய்ச் சத்தை நுண்ணுயிர்கள் மாற்றும் முறை தடம் மாறுகிறது. வழக்கத்துக்கு மாறான ஒருவகைக் கொழுப்பு அமிலம் உண்டாகி, இரத்தத்தின் வழியே மடியைச் சேர்ந்து, அங்கு கொழுப்பு தயாராவதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000ஆம் ஆண்டில் இந்த அமிலத்தை இனங்கண்டு வெளியிட்டனர். இது மிகச் சிறிய அளவில் இருந்தாலே போதும், பாலின் கொழுப்பு சரிந்துவிடும்.

10 லிட்டர் கறக்கும் பசுவின் கொழுப்பு 4 சதத்திலிருந்து 3 சதத்துக்கு இறங்கினால், நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் கொழுப்பு நஷ்டம். மாதத்துக்கு 3 கிலோ ஆகிறது. தீவனத்தைச் சீர்செய்தாலும் கொழுப்பு பழைய நிலைக்கு வரச் சுமார் 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று கைவிடலாகாது.

உயிரணுச் சவ்வுக்கு வரும் கேடு

உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆன மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. பாலிலுள்ள கொழுப்புத் துளிகள்கூட மடியின் உயிரணுச் சவ்வைப் போர்த்திக்கொண்டுதான் வெளிவருகின்றன. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று காவல் செய்வது இச்சவ்வே.

சோறும் வெல்லமும் மிகுந்தால் பெருவயிற்றில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இவ்வமிலம் வழக்கமான அமிலங்களைவிடச் சுமார் 10 மடங்கு வீரியமுள்ளது. நல்ல நுண்ணுயிர்கள் பல மடிகின்றன. அவை சிதையும்போது, அவற்றில் ஒரு பிரிவின் வெளிச்சவ்வில் அமைந்துள்ள நச்சுப் பொருள் விடுபடுகிறது. அதே சமயம் அமிலம் பெருவயிற்றின் உட்சுவரையும் புண்ணாக்குவதால், காவல் குலைந்து, நச்சு இரத்தத்தில் கலக்கிறது. பின்னால் ஈரலில் சீழ்க்கட்டியும், குளம்பில் அழற்சியும் நொண்டலும் தோன்றுவது இதனால்தான். குளம்புக்கு மருந்து போட்டும் நொண்டல் தீரவில்லையானால், தீவனத் தொட்டியையும் பார்க்க வேண்டும்.

அடையாளங்கள்

ஒரேயடியாகத் தின்ற மாட்டில் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் குறிகள் தெரியும். தீவனம் மறுக்கும், அசைபோடாது, இடப்புற வயிறு உப்பும், சாணம் நீர்த்துப் புளிப்பு நாற்றம் வீசும். பிறகு தள்ளாடிப் படுத்துவிடும். அமிலம் இரத்தத்திலுள்ள நீரை வயிற்றுக்குள் இழுப்பதால் கண்கள் குழிவிழும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

நாள்தோறும் சிறுகச் சிறுக அதிகமாகத் தின்னும் மாட்டில் குறிகள் மங்கலானவை. சாணம் இளகி நுரைத்திருக்கும். அதில் செரிக்காத தானியம் தென்படும். ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் குறைவாகவும் தின்னும். பாலில் கொழுப்பு குறையும். ஓய்வாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும். அதற்குக் குறைந்தால் நார்த்தீவனம் போதவில்லை என்று கொள்ளலாம்.

கொழுப்பு குறைவுக்கு வேறு காரணங்களும் உண்டு. கடைசியில் கறக்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். மடியில் பாலை மிச்சம் வைத்துக் கறப்பதும் கொழுப்பைக் குறைக்கும். இனத்துக்கு இனமும் வேறுபாடு உண்டு. எனவே அடுத்த வீட்டு மாட்டோடு ஒப்பிடாமல், அதே மாட்டின் முந்தைய அளவோடு ஒப்பிடுவதே முறை.

செய்ய வேண்டியவை

1. உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோவும், பசுவுக்கு ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோவும் கலப்புத் தீவனம் கொடுக்கலாம். அதை ஒரே வேளையில் கொட்டாமல், இரண்டு மூன்று வேளைகளாகப் பிரிக்க வேண்டும்.

2. முதலில் வைக்கோல் அல்லது தட்டை, பிறகு கலப்புத் தீவனம் என்ற வரிசை நல்லது. வைக்கோலைத் தூளாக நறுக்கினால் அசைபோடுவது குறையும்.

3. புதிய தீவனத்தை 10 முதல் 14 நாட்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும்.

4. வெல்லமும் கரும்பாலைப் பாகும் விஷமல்ல. கலப்புத் தீவனத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் பாகு சேர்த்தால் கெடுதலில்லை. படையல் பொங்கலை ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5. மீந்த சோறு, கஞ்சி, அரிசி, மாவு மூட்டைகளை மாடு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கட்டு அவிழ்த்துக்கொண்டு தின்பதால் நேரும் சாவுகளே அதிகம்.

முதலுதவி

மாடு அளவுக்கு மீறித் தின்றது தெரிந்ததும், நோய்க்குறி வரும்வரை காத்திருக்கலாகாது. மிச்சத் தீவனத்தை அகற்றி, வைக்கோல் மட்டும் போட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் காட்டி, மெல்ல நடத்த வேண்டும். வளர்ந்த மாட்டுக்கு 100 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் புகட்டலாம். நாக்கைப் பிடித்து இழுக்கவோ தலையை மிக உயர்த்தவோ கூடாது. மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு எதுவும் புகட்டாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். எப்போது, எவ்வளவு தின்றது என்பதை அவரிடம் சொன்னால் சிகிச்சை எளிதாகும்.

மாட்டுக்கு ஆசையாக ஊட்டும் ஒரு கூடைச் சோற்றைவிட, வேளை தவறாமல் போடும் ஒரு கட்டு வைக்கோலும் பசும்புல்லும்தான் பாலில் கொழுப்பாகவும் கையில் காசாகவும் திரும்பி வரும்.