தளத்துக்குள் ஓடும் குளிர்

ஹைதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் 2011-இல் எழுந்த அந்த இன்ஃபோசிஸ் அலுவலகம் ஒரு நவீன அர்த்தநாரி. ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் புதைத்த குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடுகிறது. குளிர்ந்த தளம், கீழே வேலை செய்பவரின் உடல் சூட்டை ஓசையின்றி ஈர்த்துக்கொள்கிறது. முகத்தில் அறையும் காற்று இல்லை. சுவாசிக்கத் தேவையான காற்று மட்டும் ஈரம் நீக்கப்பட்டுத் தனியே வருகிறது.

லாபம் எங்கே? ஒரே கனஅளவில், நீர் காற்றைவிட 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். ராட்சத விசிறிகள் செய்யும் வேலையைச் சிறிய பம்புகளே முடித்துவிடுகின்றன. இரு பாதிகளின் மின் செலவையும் தனித்தனியே அளந்தார்கள். இரண்டு ஆண்டுக் கணக்கில், குழாய்ப் பாதியில் குளிரூட்டலுக்கான மின்சாரம் 34 சதவீதம் குறைவு. அமைக்கும் செலவும் கூடவில்லை.

பிறகு ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? முதல் எதிரி ஈரம். கடலோர ஊரில் யாராவது ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும், குளிர்ந்த தளம் ஐஸ் தண்ணீர் டம்ளரைப் போல வியர்க்கத் தொடங்கும். அதோடு, கான்கிரீட் போடும் முன்பே குழாயைப் பதித்தாக வேண்டும். கட்டி வாடகைக்கு விடுபவருக்கு அந்த அக்கறை எதற்கு? மின் கட்டணம் கட்டப்போவது குடியிருக்க வருகிற கம்பெனிதானே. போச்சாரத்தில் கட்டியவரும் கட்டணம் செலுத்துபவரும் ஒருவரே.